பெரிய ஆஃப்ரோடு டயருக்குக் காற்று எவ்வளவு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தார், ஜிம்னி போன்ற ஜீப் வகை வண்டிகளில் கம்பெனி டயரைக் கழற்றிவிட்டுப் பெரிய ஏ.டி. (சாலை, மண் இரண்டுக்கும்), எம்.டி. (சேற்றுக்கென்றே) டயர் போட்டவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். வேறு மாதிரி சொல்லாத இடங்களில் எல்லா எண்களும் டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்கும் பி.எஸ்.ஐ., அதாவது சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற காற்றழுத்தம். அதை அளக்கும் உங்கள் கேஜில் பார் மட்டும்தான் இருக்கிறது என்றால், 1 பார் என்பது 14.5 பி.எஸ்.ஐ.

"பெரிய டயர் மாத்தியாச்சு. டிரைவர் கதவுல ஒட்டியிருக்குற ஸ்டிக்கர் நம்பர் இன்னும் செல்லுமா?"

அப்படியே செல்லாது. ஆனால் கணக்கை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். வண்டியின் எடையையும் கம்பெனி போட்ட டயரின் அளவையும் வைத்துத் தந்த எண் அது. டயர் அகலமாகவும் உயரமாகவும் ஆகும்போது உள்ளே காற்றுக்கான இடம் கூடுகிறது. அதனால் அதே எடையைச் சற்றுக் குறைந்த அழுத்தத்திலேயே அது தாங்கும்.

டயரின் வகை மாறாமல் அளவு மட்டும் ஒரு படி கூடியிருந்தால், உதாரணமாக 245/75ஆர்16-இலிருந்து 265/75ஆர்16-க்குப் போயிருந்தால் (முதல் எண் மில்லிமீட்டரில் டயரின் அகலம், கடைசி எண் அங்குலத்தில் ரிம்), ஸ்டிக்கர் எண்ணையே வைத்து ஓட்டிப் பார்க்கலாம். அளவுக்கு முன்னால் 'எல்.டி.' (லைட் டிரக், அதாவது சிறு லாரி வகை) என்று அச்சிட்ட டயர் என்றால் 3 முதல் 5 பி.எஸ்.ஐ. கூட்டித் தொடங்குங்கள். காரணம் இரண்டு கேள்வி தள்ளி வருகிறது.

"சைட்வால்ல 80 பி.எஸ்.ஐ.ன்னு போட்டிருக்கு. அவ்வளவு அடிக்கணுமா?"

கூடாது. சைட்வாலில், அதாவது டயரின் பக்கச்சுவரில், போட்டிருப்பது அந்த டயர் தன் முழுச் சுமையைத் தாங்கத் தேவையான அழுத்தம். எல்.டி.265/75ஆர்16, லோட் ரேஞ்ச் ஈ (டயரின் வலுவைக் காட்டும் எழுத்து, சி-யைவிட ஈ வலுவானது) என்றால் 80 பி.எஸ்.ஐ.யில் ஒரு டயர் 1,550 கிலோ தாங்கும். நான்கும் சேர்ந்தால் ஆறு டன்னுக்கு மேல். உங்கள் வண்டியோ ஆட்களும் சாமானும் ஏறினாலும் இரண்டு டன்னைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான்.

அந்த எண்ணைப் பார்த்து 50, 60 என்று அடித்துவிட்டால் டயரின் நடுப்பகுதி மட்டும் தரையில் படும். பிரேக் பிடிக்கும் தூரம் கூடும், ஈரச் சாலையில் வண்டி வழுக்கும், ஒவ்வொரு குழியும் நேராக முதுகுத்தண்டுக்கு வரும். பெரிய டயர் போட்டதும் "வண்டி கட்டை மாதிரி போகுது" என்று சொல்கிறவர்களின் டயரை முதலில் அளந்து பார்க்க வேண்டும். பெரும்பாலும் 40-க்கு மேல்தான் இருக்கும்.

"எல்.டி. டயர் இன்னும் கெட்டியானதுதானே, அதுக்கு எதுக்குக் காத்து கூட்டணும்?"

கட்டுமானம் கெட்டிதான். ஆனால் அதன் சுமைக்கணக்கு வேறு. 265/75ஆர்16 அளவில் எல்.டி. அல்லாத சாதாரண டயரின் லோட் இண்டெக்ஸ் (சுமைக் குறியீட்டு எண்) 116, அதாவது 35 பி.எஸ்.ஐ.யிலேயே 1,250 கிலோ. அதே அளவில் எல்.டி., லோட் ரேஞ்ச் சி டயரின் இண்டெக்ஸ் 112. அது 1,120 கிலோ தாங்கவே 50 பி.எஸ்.ஐ. வேண்டும். ஆக ஒரே அழுத்தத்தில் எல்.டி. டயர் தாங்கும் சுமை குறைவு. தடித்த சைட்வால் மடங்கி நிமிரும்போது சூடும் அதிகம் பிறக்கும்.

ஸ்டிக்கரில் 32 போட்டிருந்தால், எல்.டி. டயரில் முழுக் குடும்பமும் லக்கேஜும் ஏற்றிக்கொண்டு நான்குவழிச் சாலையில் போக 36, 37 சரி. ஒருவர் இருவர் மட்டும் ஊருக்குள் ஓட்ட 32 முதல் 34 போதும். நெடுஞ்சாலை வேகத்தில் ஸ்டிக்கர் எண்ணுக்குக் கீழே போகவே போகாதீர்கள்.

"எல்லாரும் ஒவ்வொரு நம்பர் சொல்றாங்க. என் வண்டிக்கு எது சரின்னு நானே எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

முதலில் எடை. வழக்கமாக ஏற்றும் ஆட்கள், டீசல், டூல்ஸ், கேரியர் சாமானோடு லாரிகள் எடைபோடும் எடை மேடைக்குப் போங்கள். முன்சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு சீட்டு, வண்டி முழுவதையும் ஏற்றி இன்னொரு சீட்டு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பின் ஆக்ஸிலின் எடை. இரும்பு பம்பர், வின்ச், கூரை கேரியர் எல்லாம் போட்டவர்கள் தங்கள் வண்டி உண்மையில் எவ்வளவு கனக்கிறது என்று தெரியாமலே காற்று அடிக்கிறார்கள். இதைச் செய்யாமல் மற்றதெல்லாம் ஊகம்தான்.

அடுத்தது சாக்பீஸ் சோதனை. டயரின் பட்டன்களின் (தரையைத் தொடும் ரப்பர் கட்டிகளின்) மேல் ஓரத்திலிருந்து ஓரம் வரை நான்கு விரல் அகலத்துக்குச் சாக்பீஸை அழுத்திப் பூசுங்கள். சமமான, காய்ந்த தார்ச்சாலையில் ஸ்டியரிங்கைத் திருப்பாமல் 20 மீட்டர் ஓட்டி இறங்கிப் பாருங்கள். நடுவில் மட்டும் அழிந்திருந்தால் காற்று அதிகம், 2 பி.எஸ்.ஐ. இறக்குங்கள். இரு ஓரங்களிலும் அழிந்து நடுவில் வெள்ளை நின்றால் காற்று குறைவு. முழு அகலமும் ஒரே மாதிரி அழியும்வரை திரும்பச் செய்யுங்கள். நான்கு சக்கரத்துக்கும் தனித்தனியே பூசிப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் முன்னும் பின்னும் ஒரே எண் வராது.

"நாலு பி.எஸ்.ஐ. விதின்னு சொல்றாங்களே, அது என்ன?"

ஆஸ்திரேலியாவின் நான்கு சக்கர ஓட்டிகளிடையே நெடுநாளாகப் புழங்கும் முறை. காலையில் குளிர்ந்த டயரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் வழக்கமான வேகத்தில் ஓட்டிவிட்டு உடனே அளங்கள். அழுத்தம் 4 பி.எஸ்.ஐ. ஏறியிருந்தால் தொடங்கிய எண் சரி. எல்.டி. டயருக்கு 6 வரை ஏறலாம். அதற்கு மேல் ஏறினால் டயர் அதிகமாக மடங்கிச் சூடாகிறது, அதாவது காற்று போதவில்லை. மிகக் குறைவாக ஏறினால் காற்று அதிகம்.

எல்.டி. டயரில் காலையில் 32, ஒரு மணி நேரம் கழித்து 40 என்று வைத்துக்கொள்வோம். ஏற்றம் 8. மறுநாள் காலை 35-இல் தொடங்குங்கள். சூட்டில் 40 காட்டுகிறதே என்று அங்கேயே காற்றை இறக்கிவிடுவதுதான் பலர் செய்வது. அதனால் டயர் இன்னும் மடங்கி, இன்னும் சூடாகும். மே மாத மதியத்தில், முழுச் சுமையோடு, சைட்வால் பிய்ந்து டயர் வெடிப்பதற்கு வழி அதுதான்.

நம் ஊரில் இந்தச் சோதனையைக் காலை ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள். வெளியே வெயில் 10 டிகிரி ஏறினாலே, ஓட்டாமல் நிற்கும் டயரிலும் ஒன்றரை பி.எஸ்.ஐ.க்கு மேல் கூடிவிடும். சாக்பீஸும் இந்த விதியும் வேறு வேறு எண் சொன்னால் சூட்டுக் கணக்கையே நம்புங்கள். சாக்பீஸ் சொல்வது மெதுவாக உருளும்போது டயர் எப்படி நிற்கிறது என்பதை மட்டும்தான்.

"பங்க்ல அடிச்சா ஒரு நம்பர், வீட்டு கேஜ்ல ஒரு நம்பர். எதை நம்புறது?"

ஒரே கேஜை எப்போதும் பயன்படுத்துங்கள். அது ஒரு பி.எஸ்.ஐ. தப்பாகக் காட்டினாலும் எப்போதும் அதே தப்பைத்தான் காட்டும், உங்கள் சோதனைகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போகும். 0 முதல் 60 வரை அளவுள்ள கேஜ் வாங்குங்கள். 200 வரை போகும் லாரி கேஜில் 14-க்கும் 17-க்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, மணலில் அந்த மூன்றுதான் முக்கியம்.

பங்க் தூரமாக இருந்து டயர் சூடாகிவிட்டால், வீட்டிலேயே குளிர்ந்த நிலையில் எவ்வளவு குறைகிறது என்று பார்த்துக்கொண்டு போங்கள். 3 குறைவென்றால் பங்க் மீட்டர் அப்போது காட்டும் எண்ணுக்கு மேல் 3 ஏற்றச் சொல்லுங்கள்.

"முன்னாடி பின்னாடி ஒரே அளவு வைக்கலாமா?"

காலி வண்டியில் வைக்கலாம். பின்னால் ஆளும் சாமானும் ஏறினால் எடைச் சீட்டைப் பார்த்துப் பின்பக்கம் 2 முதல் 4 கூட்டுங்கள். ஸ்டெப்னியில் எப்போதும் உங்கள் அதிகபட்ச நெடுஞ்சாலை எண்ணைவிட 3 கூடவே இருக்கட்டும். இறக்குவது எளிது.

"நைட்ரஜன் போட்டா நல்லதா?"

சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். மண்ணில் இறங்கும் வண்டிக்கு வாராவாரம் காற்றை இறக்கி ஏற்ற வேண்டியிருக்கும், ஏற்றுவது கையிலிருக்கும் கம்ப்ரஸரால். காசு வீண்.

"ஊட்டி ஏறும்போது காத்து குறைக்கணுமா? லடாக்குக்கு?"

மேட்டுப்பாளையத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகைக்கு ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 3 பி.எஸ்.ஐ. குறைகிறது. அதனால் கேஜில் அவ்வளவு கூடிக் காட்ட வேண்டும். ஆனால் கீழே 35 டிகிரி, மேலே 17 டிகிரி என்றால் குளிரால் டயருக்குள் கிட்டத்தட்ட அதே அளவு குறைந்துவிடும். இரண்டும் கழிந்துபோகும், ஒன்றும் செய்ய வேண்டாம்.

லே 3,500 மீட்டர். சமவெளியில் அடித்த காற்றுக்கு அங்கே உயரத்தால் மட்டும் 5 பி.எஸ்.ஐ. கூடும். குளிர் எவ்வளவு குறைத்தது என்பது நாளைப் பொறுத்தது. அங்கே போய் ஒரு இரவு கழிந்தபின் காலையில் அளந்து, வழக்கமான எண்ணுக்குக் கொண்டுவந்தால் போதும். திரும்பி இறங்கியதும் மறக்காமல் ஏற்ற வேண்டும், பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

"மண்ல இறங்கும்போது எவ்வளவு குறைக்கணும்? நேரா நம்பர் சொல்லுங்க."

265/75ஆர்16 டயர் போட்ட, அதிகச் சுமையில்லாத தாருக்கு, சாலையில் 34 வைக்கிறீர்கள் என்று கொள்வோம். சரளை, எஸ்டேட் மண் பாதைக்கு 26 முதல் 28. பாறைக்கு 18 முதல் 22. சேற்றுக்கு 20 முதல் 22. மணலுக்கு 16 முதல் 18, சிக்கிக்கொண்டால் 13 அல்லது 14. ஜிம்னி சுமார் 1,200 கிலோதான் என்பதால் எல்லாவற்றிலும் 2 முதல் 4 குறைத்துக்கொள்ளலாம். பின்னால் கனமான சாமான் இருந்தால் பின்டயருக்கு 2 கூட்டுங்கள்.

கேஜ் இல்லாவிட்டாலோ வேறு அளவு டயர் என்றாலோ ஒரு டேப் போதும். சாலைக் காற்றில், சமதளத்தில், ரிம்மின் கீழ் விளிம்பிலிருந்து தரைவரை அளங்கள். 160 மில்லிமீட்டர் வருகிறது என்றால், மணலுக்கு அது 120 ஆகும்வரை இறக்குங்கள். அதாவது கால் பங்கு குறைவு. எந்த வண்டிக்கும் எந்தச் சுமைக்கும் பொருந்தும் அளவு இது. எண்களை மனப்பாடம் செய்வதைவிட இதையே நாங்கள் பரிந்துரைப்போம்.

"மணல்ல காத்து குறைச்சா டயர் அகலமாகி மிதக்குது, அதானே?"

அகலம் கொஞ்சம்தான் கூடும். உண்மையில் கூடுவது நீளம். 34-இலிருந்து 16-க்கு இறக்கிய டயரின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பாருங்கள், தரையைத் தொடும் பகுதி முன்னும் பின்னும் நீண்டிருக்கும். எடை நீண்ட பரப்பில் பரவுவதால் டயர் மணலைத் தோண்டாமல் அதன்மேல் ஏறிப் போகிறது. காற்று நிறைந்த டயருக்கு முன்னால் எப்போதும் ஒரு சின்ன மணல் மேடு இருக்கும், எஞ்சின் அதை விடாமல் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும்.

அதனால் மணலில் கால் வைக்கும் முன்பே காற்றை இறக்குங்கள். ஆக்ஸில்வரை புதைந்தபின் இறக்கினால், டயர் முன்னால் உள்ள மணலையும் அள்ளவேண்டும். சக்கரம் சுழன்று வண்டி நகராத அந்த நொடியில் ஆக்ஸிலரேட்டரை விட்டுவிடுங்கள். தேரிக்காட்டுச் செம்மணல் ஆனாலும் ஜெய்சல்மேர் மணற்குன்றானாலும் முறை ஒன்றுதான். தேரியில் காப்புக்காடுகள் உண்டு, வனத்துறை அனுமதியில்லாமல் நுழையாதீர்கள்.

"கரிசல் மண்ல மழை பெய்ஞ்சா காத்து குறைச்சும் வண்டி நகரலையே?"

கரிசல் நனைந்தால் களிம்பாகி டயரில் அப்பிக்கொள்ளும். பட்டன் இடுக்கெல்லாம் மூடி, டயர் வழுவழுப்பான உருளையாகிவிடும். ஏ.டி. டயரில் இது சில மீட்டரிலேயே நடக்கும். 20-க்கு இறக்கினால் பட்டன்கள் வளைந்து நிமிரும்போது கொஞ்சம் மண்ணை உதறும், அவ்வளவே. மேல்சேறு மெல்லியதாகவும் அடியில் கெட்டித் தரையும் இருந்தால், காற்றை 26, 28 என்று வைத்திருப்பதே மேல். டயர் சேற்றை வெட்டி அடியைப் பிடிக்கும். ஒரு கம்பியைக் குத்திப் பார்த்து முடிவு செய்யுங்கள். அடி தட்டுப்படவில்லை என்றால் காற்றைப் பற்றி யோசிக்காமல் திரும்பிவிடுவதே நல்லது.

"பாறையில் 12க்கு இறக்கினா இன்னும் நல்லா பிடிக்காதா?"

பிடிக்கும், ஆனால் ரிம் அடிபடும். சைட்வாலும் வெளியே பிதுங்கிக் கூரான கல்லுக்கு நேராக நிற்கும். சைட்வாலில் விழும் கிழிசலைப் பஞ்சர் கடையில் ஒட்ட முடியாது. உருண்டைப் பாறைக்கு 18, உடைந்த கருங்கல் சில்லுகளுக்கு 22.

"அதிகபட்சம் எவ்வளவு வரைக்கும் இறக்கலாம்? டயர் ரிம்மை விட்டுக் கழண்டுடாதா?"

பீட்லாக் (டயரின் உள்விளிம்பான பீட்டை ரிம்மோடு பூட்டும் வளையம்) இல்லாத ரிம்மில் தார் போன்ற வண்டிக்கு 12-ஐக் கடைசி எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். டயரின் பீட் ரிம்மோடு ஒட்டி நிற்பது காற்றின் அழுத்தத்தால்தான். அழுத்தம் குறைந்த நிலையில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து வேகமாகத் திரும்பினாலோ, சரிவில் குறுக்கே சறுக்கினாலோ முன்டயர் ரிம்மிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். 20-க்குக் கீழே 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதீர்கள். 15-க்குக் கீழே 20 போதும், திருப்பங்கள் அகலமாக இருக்கட்டும். பெட்ரோல் பங்க் பத்து கிலோமீட்டர்தான் என்று அப்படியே தார்ச்சாலையில் ஏறிவிடாதீர்கள். சைட்வாலின் உள்கட்டு சூட்டில் பிரிந்துபோவது வெளியே தெரியாது, அடுத்த மாதம் வெடிக்கும்போதுதான் தெரியும்.

"இறக்குறதும் ஏத்துறதும் ரொம்ப நேரம் ஆகுது. எந்த கம்ப்ரஸர் வாங்கலாம்?"

பெரிய டயரை 16-இலிருந்து 34-க்கு ஏற்றக் கிட்டத்தட்ட 90 லிட்டர் காற்று வேண்டும். நிமிடத்துக்கு 35 லிட்டர் என்று பெட்டியில் போட்டிருக்கும் கம்ப்ரஸர், அழுத்தம் ஏற ஏற மெதுவாகும். ஒரு டயருக்கு மூன்று நான்கு நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். 70 லிட்டர் கம்ப்ரஸர் என்றால் பாதி. லைட்டர் சாக்கெட்டில் செருகும் சிறியவை பெரிய டயருக்கு ஆகாது, இரண்டாவது டயரிலேயே கொதிக்கும் அல்லது ஃபியூஸ் போகும். பேட்டரியில் நேராகக் கவ்வும் கிளிப் உள்ளதை வாங்கி, எஞ்சினை ஓடவிட்டு ஏற்றுங்கள்.

இறக்குவதற்கு வால்வு பின்னைக் கழற்றும் டீஃப்ளேட்டர் வாங்கினால் ஒரு டயர் ஒரு நிமிடம்தான். வால்வு பின் நான்கைந்து கையில் இருக்கட்டும். மணலில் விழுந்தால் கிடைக்காது.

"ஜிம்னியில பெரிய டயர் போட்டதும் 70ல ஸ்டியரிங் ஆடுது. காத்து மாத்தினா நிக்குது. அப்போ காத்துதானே பிரச்சினை?"

காற்று மறைக்கிறது, காரணம் வேறு. ஜிம்னியின் முன் ஆக்ஸில் இரு சக்கரத்தையும் ஒரே தண்டாக இணைப்பது. கனமான டயர் சற்று பேலன்ஸ் இல்லாமல் இருந்தாலும் ஆட்டம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்த் திரும்பும். முதலில் பேலன்ஸ், பிறகு கிங்பின் பேரிங், ஸ்டியரிங் டேம்பர், ராடுகளின் புஷ் என்று வரிசையாகப் பாருங்கள். இதெல்லாம் முடிந்தபின் காற்றுக்கு மேலே சொன்ன சோதனைகள்.

"சாக்பீஸ் சரியா வருது, ஆனா 10,000 கிலோமீட்டர்ல நடுவுல தேய்ஞ்சிடுச்சே?"

ரிம்மின் அகலத்தைப் பாருங்கள். 285/75ஆர்16 டயருக்கு 7.5 முதல் 9 அங்குல ரிம் வேண்டும். 7 அங்குல ரிம்மில் ஏற்றினால் பீட்கள் நெருங்கி, நடுப்பகுதி புடைத்து நிற்கும். வேகத்தில் இன்னும் புடைக்கும். காற்றைக் குறைத்து இதைச் சரிக்கட்டினால் சூட்டுக் கணக்கு கெடும். ஒரே ஓரத்தில் மட்டும் தேய்ந்தால் அது காற்றே இல்லை, அலைன்மென்ட்.

"டி.பி.எம்.எஸ். லைட் எரிஞ்சுக்கிட்டே இருக்கு. கண்டுக்காம விடலாமா?"

டயரில் காற்று குறைந்தால் எச்சரிக்கும் லைட் அது, மண்ணில் இறக்கியிருக்கும்போது எரியத்தான் செய்யும். சாலைக்கு ஏற்றியபின்னும் அணையவில்லை என்றால் விடக்கூடாது. அந்த எச்சரிக்கை கம்பெனி டயரின் எண்ணை வைத்து அமைந்தது. உங்கள் எல்.டி. டயருக்கு 36 தேவைப்படும்போது 30-க்கு இறங்கினாலும் அது சும்மா இருக்கலாம். லைட்டை நம்பாமல் மாதம் இருமுறை கேஜால் அளங்கள்.

"இந்த அளவு டயருக்கு ஆர்.டி.ஓ.வில் பிரச்சினை வருமா?"

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் தந்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உங்கள் மாடலின் ஏதாவது ஒரு வேரியன்ட்டுக்குக் கம்பெனியே தரும் அளவுக்குள் நின்றால் தொல்லை குறைவு. அதைத் தாண்டினால் எஃப்.சி.யிலும் இன்சூரன்ஸ் க்ளெய்மிலும் கேள்வி எழும்.

"காட்டுக்குள்ள பீட் கழண்டுடுச்சு. பஞ்சர் கடை இல்ல. என்ன செய்றது?"

சமதளத்தில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்குக் கல் வைத்து, அந்தச் சக்கரத்தை ஜாக்கியில் தூக்குங்கள். ஜாக்கிக்கு அடியில் பலகை வேண்டும், இல்லாவிட்டால் மண்ணில் இறங்கும். ரிம் விளிம்பிலும் டயரின் பீட்டிலும் ஒட்டிய மணலைத் துணியால் துடைத்துச் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். வால்வு பின்னைக் கழற்றிவிடுங்கள், ஏற்றும்போது காற்று வேகமாக உள்ளே போகும்.

இப்போது ராட்செட் பெல்ட்டைப் பட்டன்களின் நடுவில் சுற்றி இறுக்குங்கள். நடுப்பகுதி உள்ளே அமுங்க, பீட்கள் இரு பக்கமும் விரிந்து ரிம்மைத் தொடும். கம்ப்ரஸரைப் போட்டு, டயர் காற்றைப் பிடிக்க ஆரம்பித்ததும் பெல்ட்டைத் தளர்த்திவிட வேண்டும். 'டொப்' என்று இரண்டு சத்தம் கேட்டால் இரு பக்கமும் உட்கார்ந்துவிட்டது. 40 ஆகியும் சத்தம் வராவிட்டால் ஏற்றுவதை நிறுத்தி, காற்றை விட்டு, மறுபடி சோப்பு தடவித் தொடங்குங்கள். பெட்ரோல் ஊற்றிப் பற்றவைத்து உட்காரவைக்கும் வித்தையைக் காட்டுக்குள் முயற்சி செய்யவே வேண்டாம். கடைசியாகப் பின்னைப் போட்டுச் சாலை அளவுக்கு ஏற்றி, பீட் ஓரத்தில் சோப்புத் தண்ணீர் விட்டுக் குமிழி வருகிறதா பாருங்கள். வந்தால் ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.